ஆறு மீட்டர் படகும் அரண்மனைக் கப்பல்களும்

வேசர் ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக ஃபெர்ரியில் சில நிமிடங்கள் போதும். சைக்கிளைப் பிடித்தபடி நிற்பவர்கள், காரை விட்டு இறங்காமலேயே உட்கார்ந்திருப்பவர்கள், கைப்பையோடு வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லோருக்கும் அது நம்மூர் டவுன் பஸ் மாதிரி. ஏறும் கரை ஃபேகெசாக். ஜெர்மனியின் பிரேமன் நகரத்தின் வட கோடி. இறங்கும் கரை லெம்வெர்டர். ஆற்றைத் தாண்டினால் மாநிலமே மாறிவிடுகிறது. அது லோயர் சாக்ஸனி.

இரண்டு கரைகளிலும் ராட்சதக் கொட்டகைகள் நிற்கின்றன. ஜன்னல்கள் அதிகம் இல்லை. ஆற்றைப் பார்த்த பிரம்மாண்டக் கதவுகள் பெரும்பாலான நாட்கள் மூடியே இருக்கின்றன. உள்ளே கட்டப்படுவது கப்பல் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாருக்காக என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். உலகின் மிகப் பெரிய பணக்காரர்கள் சிலரின் மிதக்கும் மாளிகைகள் பிறந்தது இந்தக் கொட்டகைகளில்தான். லூர்சன் என்ற ஒரே குடும்பம் நான்கு தலைமுறைகளாக இங்கே படகு கட்டுகிறது.

அந்தக் கதையில் பணம் மட்டும் இல்லை. இரண்டு உலகப் போர்கள், வேலையிழந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், நெருப்பு, அரசியல் என எல்லாமே இருக்கிறது.

மணல் கொடுத்த துறைமுகம்

பிரேமன் ரயில் நிலையத்திலிருந்து ஃபார்கே செல்லும் ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் ஃபேகெசாக் வந்துவிடும். பிரேமனைப் பெரிய துறைமுக நகரம் என்று படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். கடல் எங்கே? வட கடலுக்கு இங்கிருந்து இன்னும் பல கிலோமீட்டர் போக வேண்டும். ஆறுதான் இந்த ஊருக்கு வழி, வாசல், வாழ்வு எல்லாம்.

அந்த ஆறே ஒரு காலத்தில் காலை வாரியது. வேசரில் மணல் சேர்ந்துகொண்டே போனது. பெரிய கப்பல்களால் பிரேமன் நகரம் வரை வர முடியவில்லை. வியாபாரிகள் யோசித்தார்கள். நகரத்துக்குக் கீழே, லேசும் என்ற சிற்றாறு வேசரில் வந்து சேரும் இடத்தில், 1620-களின் தொடக்கத்தில் ஒரு துறைமுகத்தை வெட்டினார்கள். ஜெர்மனியில் மனிதர்கள் தோண்டி உருவாக்கிய முதல் துறைமுகங்களில் இது முன்னோடி. அதுதான் ஃபேகெசாக்.

துறைமுகம் வந்தால் மாலுமிகள் வருவார்கள். மாலுமிகள் வந்தால் மதுக்கடைகள் வரும். ‘பையைத் துடைத்துக் காலி செய்’ என்ற பொருளில்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று ஒரு ஊர்க்கதை உண்டு. கடலில் மாதக்கணக்கில் சம்பாதித்ததை மாலுமிகள் இங்கே ஒரே இரவில் தொலைத்தார்களாம்.

வருடங்கள் ஓட ஓட மணல் மேலும் சேர்ந்தது. 1827-ல் பிரேமன் அரசு கடலோரத்திலேயே நிலம் வாங்கி பிரேமர்ஹாஃபென் என்ற புதிய துறைமுகத்தை அமைத்தது. ஃபேகெசாக் சோர்ந்து போகவில்லை. திமிங்கில வேட்டை, ஹெர்ரிங் மீன்பிடிப்பு, கப்பல் கட்டுவது என்று வேறு பிழைப்பைத் தேடிக்கொண்டது. ஆற்றோர நடைபாதையில் இன்றும் திமிங்கிலத்தின் தாடை எலும்பு வடிவில் ஒரு நுழைவாயில் நிற்கிறது. அதன் நடுவே நின்று புகைப்படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை.

24 வயது இளைஞரின் படகுப் பட்டறை

1875-ல் ஃபேகெசாக்கை ஒட்டியுள்ள அவ்முண்ட் என்ற இடத்தில் ஃபிரீட்ரிஷ் லூர்சன் ஒரு சிறிய படகுப் பட்டறை தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 24. அப்பாவும் படகு கட்டுபவர்தான். மகனோ அப்பாவின் நிழலில் இல்லாமல் தனியாகத் தொழில் செய்ய நினைத்தார். துடுப்புப் படகுகள், வேலைக்கான சிறு படகுகள் என்று ஆரம்பித்தார். எடை குறைவாகவும் வேகமாகவும் போகும் பந்தயத் துடுப்புப் படகுகள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

ஊரின் எல்லையோடு நின்றிருக்க வேண்டிய அந்தப் பெயர் தெற்கு ஜெர்மனியில் ஒருவரின் காதுக்கு எட்டியது. அவர் காட்லீப் டைம்லர். பெட்ரோலில் ஓடும் சின்னஞ்சிறு இன்ஜின் ஒன்றை உருவாக்கிவிட்டு, அதை எதிலெல்லாம் பொருத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். வண்டியில் வைத்தாயிற்று. தண்ணீரில்?

1886-ல் டைம்லருக்காக லூர்சன் 6 மீட்டர் நீளத்தில் ஒரு படகைக் கட்டிக் கொடுத்தார். பெயர் ‘ரெம்ஸ்’. உலகின் முதல் மோட்டார் படகு என்று லூர்சன் குடும்பம் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். அதன் இன்ஜினின் சக்தி ஒன்றரைக் குதிரைத் திறன். இன்று ஒரு சாதாரண மொபெட்டில் இருப்பது அதைவிட அதிகம்.

டைம்லரின் படகுச் சோதனைகளைப் பற்றி ஒரு சுவையான கதை சொல்வார்கள். பெட்ரோல் என்றாலே வெடித்துவிடும் என்று மக்கள் பயந்த காலம் அது. அதனால் படகைச் சுற்றிக் கம்பிகளையும் பீங்கான் இன்சுலேட்டர்களையும் பொருத்தி, ஏதோ மின்சாரத்தில் ஓடுகிறது என்று கரையில் நிற்பவர்களை நம்பவைத்தாராம். புதிய தொழில்நுட்பத்துக்கு எப்போதும் முதல் எதிரி பயம்தான்!

உல்லாசப் படகு போர்ப்படகானது

மோட்டார் படகு என்று ஒன்று வந்துவிட்டால், யாருடையது வேகம் என்ற போட்டியும் வந்துவிடும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொனாக்கோ கடலில் நடந்த மோட்டார் படகுப் பந்தயங்களில் லூர்சன் படகுகள் கலக்கின. வேகமாக ஓடும் படகை ராணுவம் விட்டுவைக்குமா? முதல் உலகப் போரில், ஆகாயக் கப்பல்களுக்காகத் தயாரான இன்ஜின்களைப் பொருத்திய சிறு போர்ப்படகுகளை ஜெர்மன் கடற்படைக்குக் கட்டிக் கொடுத்த தளங்களில் லூர்சனும் ஒன்று.

போர் முடிந்தது. ஜெர்மனி தோற்றது. வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் கடற்படையைக் கைகால் கட்டிப் போட்டது. லூர்சன் மறுபடியும் பணக்காரர்களின் வாசலுக்குப் போனது.

அமெரிக்காவில் ஓட்டோ ஹெர்மன் கான் என்று ஒரு வங்கியாளர் இருந்தார். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நியூயார்க்கில் பெரும் செல்வந்தராக வளர்ந்தவர். தன் பெயரின் மூன்று பகுதிகளிலிருந்தும் எழுத்துகளை எடுத்து ‘ஒஹேகா’ என்று தன் மாளிகைக்குப் பெயர் வைத்தவர். அவருக்காக 1927-ல் லூர்சன் கட்டிய படகு ‘ஒஹேகா 2’. மூன்று மேபாக் இன்ஜின்கள். வேகம் 34 நாட். அதாவது மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர். அலையிலும் தடுமாறாமல், எடை குறைந்த உடலோடு பாய்ந்த அந்தப் படகைப் பார்த்து வேறு சிலரும் புருவம் உயர்த்தினார்கள்.

வேகமான டார்ப்பிடோ படகுக்கு ஒரு வடிவம் தேடிக்கொண்டிருந்தது ஜெர்மன் கடற்படை. அவர்கள் தேடியது ஒஹேகாவின் உடலமைப்பில் இருந்தது. 1929-ல் ஆர்டர் வந்தது. 1930-ல் முதல் ‘எஸ்’ படகு தயாரானது. வேகப்படகு என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது.

இதில் லூர்சன் பொறியாளர்கள் கண்டுபிடித்த ஒரு நுட்பம் இன்றும் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே வழங்குகிறது. படகு வேகமாகப் போகும்போது பின்பகுதி தண்ணீருக்குள் அமுங்கும். அதனால் வேகம் குறையும். நடுவில் இருக்கும் சுக்கானோடு இரு பக்கமும் இரண்டு சிறு சுக்கான்களை வைத்து, அவற்றைச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்பினார்கள். புரொப்பல்லர்களுக்குப் பின்னால் தண்ணீரின் ஓட்டம் மாறி, படகின் பின்பகுதி மேலே தூக்கிக் கொடுத்தது. அதே இன்ஜினில் கூடுதல் வேகம் கிடைத்தது. இதற்கு ‘லூர்சன் விளைவு’ என்று பெயர்.

யூதக் குடும்பத்தில் பிறந்த ஒரு வங்கியாளரின் பொழுதுபோக்குக்காக உருவான வடிவம், ஹிட்லரின் கடற்படைக்கு ஆயுதமாகிப் போனது. கான் 1934-ல் இறந்துவிட்டார். அதன் முழு விளைவை அவர் பார்க்கவில்லை. 1944 ஏப்ரல் 28 அதிகாலையில், பிரான்ஸில் தரையிறங்குவதற்காக இங்கிலாந்தின் தென்கரையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கப் படையை எஸ் படகுகள் தாக்கின. 700-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். ஒத்திகையின் ரகசியம் வெளியே தெரியக்கூடாது என்பதால் அந்தச் செய்தி அப்போது அடக்கப்பட்டது.

ரயில் பாதையின் கடைசி நிறுத்தம்

ஃபேகெசாக்கில் இறங்காமல் அதே ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போனால் ஃபார்கே. அங்கே வேசர் கரையில் ஒரு சாம்பல் நிற கான்கிரீட் மலை நிற்கிறது. 426 மீட்டர் நீளம், 97 மீட்டர் அகலம். கூரையின் கனம் சில இடங்களில் 7 மீட்டர். நீர்மூழ்கிக் கப்பல்களைக் குண்டுவீச்சிலிருந்து பாதுகாத்தபடி உள்ளேயே கட்டி முடிப்பதற்காக நாஜி அரசு எழுப்பிய ‘வாலன்டின்’ பதுங்கு தொழிற்சாலை அது.

1943 முதல் 1945 வரை அதைக் கட்டியவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்ல. பல நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட கைதிகள், போர்க் கைதிகள், வதைமுகாமில் இருந்தவர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பட்டினியிலும் சிமென்ட் மூட்டைகளின் பாரத்திலும் அவர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்து போனார்கள். 1945 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய ராட்சதக் குண்டுகள் கூரையைப் பிளந்தன. ஒரு நீர்மூழ்கிக் கப்பல்கூட அங்கிருந்து வெளியே வரவில்லை.

2015 முதல் அது முறையான நினைவிடம். உள்ளே நுழைபவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். வேசர் கரையின் கப்பல் தொழிலைப் பற்றிப் பேசும் எவரும் பளபளக்கும் யாட்டுகளோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஃபேகெசாக்குக்கு ஒரு நாள் ஒதுக்குபவர்கள் அரை நாளை இங்கே கொடுப்பது நல்லது.

மூழ்கிய யாட்டும் மறு ஆர்டரும்

போருக்குப் பின் ஆயுதம் கட்ட ஜெர்மனிக்குத் தடை. லூர்சன் மீன்பிடிப் படகுகளையும் சிறு கப்பல்களையும் கட்டிப் பிழைத்தது. அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. தோற்ற ஜெர்மனியிடமிருந்து எடுத்துக்கொண்ட எஸ் படகுகள் இரண்டைப் புதுப்பித்து, பழைய ஜெர்மன் மாலுமிகளையே ஓட்ட வைத்து, பால்டிக் கடலில் சோவியத் கரையோரம் உளவாளிகளை இறக்கப் பயன்படுத்தியது பிரிட்டன். வெளியே சொல்லிக்கொண்டது மீனவர் பாதுகாப்புப் பணி என்று!

1950-களில் மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி கடற்படை அமைந்தது. ‘ஜாகுவார்’ வகை வேகப் போர்ப்படகுகள் லூர்சன் தளத்திலிருந்து போயின. பிறகு பல நாட்டுக் கடற்படைகள் வாடிக்கையாளர்கள் ஆயின.

யாட் தொழில் மறுபடி சூடு பிடித்ததற்கு ஒரு விபத்தும் காரணம். ஹெல்முட் ஹோர்ட்டன் ஜெர்மனியின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் அதிபர். அவருக்காக லூர்சன் கட்டிய ‘கரிந்தியா 5’ 1971-ல் கிரேக்கக் கடலில் பாறையில் மோதி மூழ்கியது. புத்தம்புதுக் கப்பல். வேறு யாராக இருந்தாலும் கடலுக்கே ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள். ஹோர்ட்டன் அதே தளத்தில், கிட்டத்தட்ட அதே வடிவத்தில் இன்னொன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். ஜான் பேனன்பர்க் வடிவமைத்த, 71 மீட்டர் நீளமுள்ள ‘கரிந்தியா 6’ 1973-ல் வந்தது. யாட் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடுத்த தலைமுறை வடிவமைப்பாளர்கள் பார்த்துப் படித்த கப்பல் அது.

மூடிய கதவுகளின் காலம்

1970-களுக்குள் ஜப்பானும் தென் கொரியாவும் குறைந்த விலைக்குக் கப்பல் கட்டத் தொடங்கியிருந்தன. சரக்குக் கப்பல்களையும் எண்ணெய்க் கப்பல்களையும் நம்பியிருந்த ஐரோப்பியத் தளங்கள் ஆட்டம் கண்டன.

பிரேமனில் ஏ.ஜி. வேசர் என்ற பழம்பெரும் தளம் 1983 கடைசியில் மூடப்பட்டது. தொழிலாளர்கள் தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. அடுத்த அடி ஃபேகெசாக்கிலேயே விழுந்தது. 1893-ல் தொடங்கிய பிரேமர் வுல்கான், ஊரின் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட நிறுவனம். கிழக்கு ஜெர்மனித் தளங்களைச் சீர்படுத்த அரசு தந்த மானியப் பணத்தை மேற்கிலேயே செலவழித்துவிட்டது என்று பெரும் சர்ச்சை எழுந்தது. 1996-ல் திவால். 1997-ல் கதவு மூடப்பட்டது. அப்பா, தாத்தா, மாமா எல்லோரும் ‘வுல்கான்காரர்கள்’ என்று சொல்லிக்கொண்ட குடும்பங்கள் ஒரே நேரத்தில் வேலை தேட ஆரம்பித்தன.

லூர்சன் எப்படித் தப்பித்தது? ஆசியாவோடு விலையில் போட்டி போடும் களத்தில் அது இறங்கவே இல்லை. விலையைப் பற்றிக் கவலைப்படாத இரண்டே வகை வாடிக்கையாளர்கள் உலகில் உண்டு. ஒன்று, ராணுவம். இன்னொன்று, பெரும் பணக்காரர்கள். இரண்டு பேருக்கும் வேண்டியது வேகம், துல்லியம், ரகசியம். ஒரு பக்கம் ஆர்டர் குறைந்தால் மறுபக்கம் கைகொடுக்கும். 1987-ல் ரெண்ட்ஸ்பர்க் அருகே குரோகர் தளம், 2013-ல் வோல்காஸ்ட் நகரின் பேனே தளம், 2016-ல் ஹாம்பர்க்கின் புகழ்பெற்ற புளோம் உண்ட் ஃபோஸ் என்று ஒவ்வொன்றாக லூர்சன் குடும்பத்தின் கைக்கு வந்தன.

பட்டி பார்க்கும் கலை

இவ்வளவு பெரிய யாட் எப்படி உருவாகிறது? உடல் எஃகு. மேல்மாடிகள் பெரும்பாலும் அலுமினியம். மேலே எடை குறைந்தால்தான் கப்பல் தள்ளாடாது. எஃகுத் தகடுகளை வெட்டி, பெரும் துண்டுகளாகப் பற்றவைத்து, பிறகு ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். இதுவரை எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே கதைதான்.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பற்றவைத்த எஃகில் மேடு பள்ளம் இருக்கும். சரக்குக் கப்பலில் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். யாட்டில் அது பெரிய குற்றம். அடிபட்ட காருக்கு நம்மூர் பட்டறைகளில் பட்டி வைத்துத் தேய்ப்பார்களே, அதே வேலைதான். நூறு மீட்டருக்கும் நீளமான கப்பலுக்கு முழுவதுமாகப் பட்டி பூசி, நீண்ட தேய்ப்புக் கட்டைகளால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்க்கிறார்கள். மாதக்கணக்கில் நடக்கும். கடைசியில் பெயின்ட் அடித்து முடித்ததும் கப்பலின் பக்கவாட்டில் ஆற்று நீர் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிய வேண்டும். தூசி படக்கூடாது, மழை படக்கூடாது, வெயிலில் வெப்பம் ஏறி இறங்கக்கூடாது. கூரை போட்ட ராட்சதக் கொட்டகைகளுக்கு இதுதான் முதல் காரணம். வெளியாள் கண் படக்கூடாது என்பது இரண்டாவது.

மேல்தளத்துக்குத் தேக்கு. உப்பு நீருக்கும் வெயிலுக்கும் அசையாத மரம் என்பதால் பல நூற்றாண்டுகளாகக் கப்பல்காரர்கள் தேக்கை விட்டதில்லை. ஆங்கிலத்தில் அதற்குள்ள பெயரே தென்னிந்தியாவிலிருந்து போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுபோன ‘தேக்கு’தான். நல்ல மியான்மர் தேக்கு கிடைப்பதும், அதை நேர்மையான வழியில் வாங்குவதும் கடினமாகிவிட்டதால், வேறு மரங்களைப் பதப்படுத்தித் தேக்குக்கு ஈடாக்கும் ஆய்வில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தோடு லூர்சன் இறங்கியது.

கட்டி முடிய மூன்று, நான்கு வருடங்கள் ஆகும். அதுவரை கப்பலுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ஒரு புனைபெயர்தான். உரிமையாளர் யார் என்று வெளியே பேசக்கூடாது என்பது ஒப்பந்தம். வெல்டர், எலக்ட்ரீஷியன், தச்சர், பெயின்டர் என்று ஆயிரக்கணக்கானவர்களின் கை பட்ட ஒரு வீட்டில் யார் தூங்கப் போகிறார்கள் என்பதை அவர்களில் பலர் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

மிதக்கும் மாளிகைகள்

2003-ல் வந்த ‘ஆக்டோபஸ்’ 126 மீட்டர். மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனுடையதாக இருந்தது. அவர் அதை விருந்து வைக்க மட்டும் பயன்படுத்தவில்லை. 2015 மார்ச்சில் பிலிப்பைன்ஸ் கடலடியில் ஜப்பானின் பிரம்மாண்டப் போர்க்கப்பல் ‘முசாஷி’யைக் கண்டுபிடித்தது அவருடைய குழு. அதே ஆண்டு, மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘ஹுட்’டின் மணியைக் கடலிலிருந்து மீட்டுக் கொடுத்ததும் ஆக்டோபஸ்தான்.

2013-ல் வந்தது ‘அஸாம்’. நீளம் 180 மீட்டர். ஐக்கிய அரபு அமீரக அதிபராக இருந்த ஷேக் கலீஃபாவுக்காகக் கட்டப்பட்டது என்பது உலகறிந்த ரகசியம். தனியார் யாட்டுகளில் உலகிலேயே நீளமானது என்ற பெயரோடு வந்தது. இவ்வளவு பெரிய உடலைக் கேஸ் டர்பைன்களின் உதவியால் 30 நாட்டுக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓட்டலாம்.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்து, தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட ‘எம்டன்’ கப்பலின் நீளம் சுமார் 118 மீட்டர்தான். ஒரு நகரத்தையே நடுங்க வைத்த போர்க்கப்பலைவிட இன்றைய ஒரு பணக்காரரின் உல்லாசக் கப்பல் ஒன்றரை மடங்கு நீளம்! எம்டனுக்கும் லூர்சனுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. அதே பெயரைச் சூட்டி ஜெர்மன் கடற்படைக்காக உருவான புதிய ‘எம்டன்’ கார்வெட் கப்பலைக் கட்டிய கூட்டணியில் லூர்சன் முக்கிய பங்காளி. 2023-ல் ஹாம்பர்க்கில் அதற்குப் பெயர் சூட்டு விழா நடந்தது.

2016-ல் வந்த ‘தில்பார்’ நீளத்தில் 156 மீட்டர். உள்ளளவில் உலகின் மிகப் பெரிய யாட்டுகளில் ஒன்று. 25 மீட்டர் நீச்சல் குளம், இரண்டு ஹெலிகாப்டர் தளங்கள். ரஷ்யக் கோடீஸ்வரர் அலிஷேர் உஸ்மானோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட கப்பல். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது அது பராமரிப்புக்காக ஹாம்பர்க் தளத்தில் நின்றுகொண்டிருந்தது. ஐரோப்பிய யூனியனின் தடை வந்தது. கப்பல் நகர முடியாமல் நின்றது. சம்பளம் கொடுக்க வழியில்லாமல் ஊழியர்கள் அனுப்பப்பட்டார்கள். கப்பல் உஸ்மானோவின் சகோதரியின் பெயரில் இருப்பதாக ஜெர்மன் போலீஸ் சொன்னது. அந்த ஆண்டே இழுவைப் படகுகள் அதைப் பிறந்த ஊரான பிரேமனுக்கு இழுத்து வந்தன. பெரிய சீர்வரிசையோடு புகுந்த வீட்டுக்குப் போன பெண், வழக்கு விவகாரத்தால் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து நிற்பதுபோல.

நெருப்பும் தடையும்

2018 செப்டம்பர் 14 அதிகாலை. ஃபேகெசாக் ஊரே புகை வாசனையில் விழித்தது. மிதவைத் துறையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ‘சஸ்ஸி’ என்ற 146 மீட்டர் யாட் தீப்பிடித்து எரிந்தது. நூற்றுக்கணக்கான தீயணைப்பு வீரர்கள் நாள் கணக்கில் போராடினார்கள். கப்பல் பிழைக்கவில்லை. உரிமையாளருக்கு அது காப்பீட்டுக் கணக்கு. அதன் மேல் பட்டி தேய்த்த கைகளுக்கு?

அதே இலையுதிர் காலத்தில் கிழக்கே வோல்காஸ்ட் தளத்தில் வேறு ஒரு அதிர்ச்சி. அங்கே சவுதி அரேபியாவுக்காக ரோந்துப் படகுகள் தயாராகிக்கொண்டிருந்தன. 2018 அக்டோபரில் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டதும் சவுதிக்கு ஆயுத ஏற்றுமதியை ஜெர்மனி நிறுத்தியது. படகுகள் தளத்திலேயே தங்கின. தொழிலாளர்களுக்கு வேலை நேரம் குறைக்கப்பட்டது. எங்கோ இஸ்தான்புல்லில் நடந்த கொலை, பால்டிக் கரையில் ஒரு வெல்டரின் வீட்டு அடுப்பைத் தொட்டது. ராணுவத்தையும் பணக்காரர்களையும் நம்பிய தொழிலில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

2025 செப்டம்பரில் லூர்சன் குடும்பம் தன் போர்க்கப்பல் பிரிவை ரைன்மெட்டால் என்ற ஆயுத நிறுவனத்துக்கு விற்க இணங்கியது. யாட் தொழிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கூரையின் கீழ் இருந்த போரும் உல்லாசமும் பாகப்பிரிவினைக்கு வந்தன.

கரையில் ஒரு மாலை

மாலையில் ஃபேகெசாக்கின் ஆற்றோரம் அழகு. திமிங்கிலத் தாடையைத் தாண்டி நடந்தால் பழைய துறைமுகத்தில் சிறு படகுகள் அசைந்துகொண்டிருக்கும். பல வருடங்கள் இங்கே நின்று ஊரின் அடையாளமாக இருந்த ‘ஷூல்ஷிஃப் டாய்ச்லாண்ட்’ என்ற மூன்று பாய்மரப் பயிற்சிக் கப்பல் 2021-ல் பிரேமர்ஹாஃபெனுக்குப் போய்விட்டது. அந்த வெறுமையைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இந்த ஊருக்கு வேறொரு பெருமையும் இருக்கிறது. 1860-ல் போர்க்கும் தீவருகே ஒரு கப்பல் உடைந்து அதில் இருந்தவர்கள் உயிரிழந்தார்கள். கரையில் இருந்தவர்களால் காப்பாற்ற முடியவில்லை. ஃபேகெசாக்கில் கப்பலோட்டும் பாடம் நடத்திக்கொண்டிருந்த அடால்ஃப் பெர்ம்போல் என்ற ஆசிரியர் அதைக் கேட்டுக் கொதித்துப்போனார். கடலில் தவிப்பவர்களைக் காப்பாற்ற ஓர் அமைப்பு வேண்டும் என்று அதே ஆண்டு நவம்பரில் பத்திரிகைகளில் வேண்டுகோள் விடுத்தார். 1865-ல் ஜெர்மன் கடல் மீட்புச் சங்கம் பிறந்தது. அதன் தலைமையகம் இன்றும் பிரேமனில்தான். பொதுமக்களின் நன்கொடையில் நடக்கும் அந்தச் சங்கத்துக்காக, கடைகளில் சிறு படகு வடிவ உண்டியல்கள் வைத்திருக்கிறார்கள். சில்லறை போடுபவர்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒரே ஊர். ஒரே ஆறு. கையளவு உண்டியல் படகும் இங்கிருந்து கிளம்பிய எண்ணம்தான்; பல நூறு கோடி ரூபாய் யாட்டும் இங்கிருந்து கிளம்பியதுதான்.

ஷிஃப்ட் முடிந்து தொழிலாளர்கள் ஃபெர்ரிக்கு வருகிறார்கள். சைக்கிள் கைப்பிடியில் சாப்பாட்டுப் பை, காலணியில் வெள்ளைப் பட்டித் தூள். பின்னால் கொட்டகையின் கதவு மூடியிருக்கிறது. ஒரு நாள் அது திறக்கும். உள்ளே இருப்பது ஆற்றில் இறங்கி, இழுவைப் படகுகளின் துணையோடு மெல்லக் கடலுக்குப் போகும். அன்றைக்கு ஃபேகெசாக்கில் கரையோரம் கூட்டம் கூடும். அப்பாக்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுவார்கள். கப்பலின் சொந்தக்காரர் யாரென்று தெரியாவிட்டால் என்ன? எந்தச் சுவரில் யாருடைய கை பட்டிருக்கிறது என்பது அந்த வீடுகளுக்குத் தெரியும்.